பத்து மணி நேர கான்ட்ராக்ட், இருபத்தஞ்சு மணி நேர வேலை: டீச்சிங் அசிஸ்டென்ட் தம்பி ஒருத்தருக்கு பதில்

தென்னாப்பிரிக்கா டர்பன்லேருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். கடிதத்தை சுருக்கி போடுறேன்.

"அக்கா வணக்கம். எனக்கு திருநெல்வேலி பக்கம். இங்க ஒரு யூனிவர்சிட்டி பிசினஸ் ஸ்கூல்ல எம்.காம் ரிசர்ச் ரெண்டாவது வருஷம், ஸ்டடி விசா. ஃபர்ஸ்ட் இயர் மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங்குக்கு டீச்சிங் அசிஸ்டென்டா இருக்கேன். கான்ட்ராக்ட்ல வாரம் 10 மணி நேரம்னு போட்டிருக்கு, ஆனா 25 மணி நேரம் போயிடுது. டெஸ்ட் வந்தா 180 ஸ்கிரிப்ட் திருத்தணும். இப்போ ப்ரொஃபசர் எம்பிஏ அசைன்மென்ட்டும் திருத்திக் குடுன்னு சொல்றார், எம்பிஏ கிளாஸ்ல கேஸ் டிஸ்கஷன் நடக்கும்போதும் கூட நிக்கணும், அங்க இருக்கிறவங்க எல்லாம் என்னை விட பதினஞ்சு வயசு பெரியவங்க. டுட்டோரியல்ல பசங்க வாயே திறக்கிறதில்ல, நான் பேசுற இங்கிலீஷ் அவங்களுக்கு புரியுதான்னே தெரியல. இதுல சாட்ஸ்வொர்த்ல நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு ஆன்ட்டியோட பையன் என் குரூப்லயே இருக்கான், போன டெஸ்ட்ல 46. ஆன்ட்டி வெள்ளிக்கிழமை தவறாம சாப்பாடு குடுத்து விடுறவங்க, 'அடுத்த தடவை கொஞ்சம் பாத்து போடுப்பா'ன்னு சொல்லிட்டாங்க. என் தீசிஸ் நாலு மாசமா தொடவே இல்ல. வேலைய விட்டா வாடகைக்கு கஷ்டம். என்ன பண்ணட்டும்?"

தம்பி, வேலைய விடாதீங்க. ஆனா இப்போ பண்ற மாதிரியே தொடரவும் கூடாது. நானும் இங்க டர்பன்ல பிசினஸ் பாடம் நடத்துறவ, டீச்சிங் அசிஸ்டென்ட் பசங்களை எடுத்து பழக்கி விடுற பொறுப்பும் பல வருஷமா எங்கிட்ட இருக்கு, அதனால உங்க கடிதத்தை படிக்கும்போது புதுசா ஒண்ணும் தோணல, வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதே கஷ்டத்தோட வந்து நிப்பாங்க, கடைசியில கிளாஸ்ல நிக்கிற நேரத்தை வெட்டிட்டு மத்த எல்லா வேலையையும் இழுத்துப் போட்டு செஞ்சிக்கிட்டு இருப்பாங்க. நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். டுட்டோரியலை கெட்டியா பிடிச்சுக்கோங்க, மத்ததை குறைங்க.

முதல்ல மணிக்கணக்கு, ஏன்னா இதுல உங்க விசாவே மாட்டிக்கிட்டு இருக்கு. தென்னாப்பிரிக்காவுல ஸ்டடி விசால இருக்கிறவங்க படிப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும்தான் வேலை பாக்கலாம். நீங்க 25 பாக்குறீங்க. பேப்பர்ல 10ன்னுதானே இருக்கு, என்னன்னு நினைக்காதீங்க, பேப்பர்ல 10ன்னு இருக்கிறதால மீதி 15 மணி நேரத்துக்கு உங்களுக்கு காசும் கிடையாது, நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா துணைக்கு வர்ற ஆதாரமும் கிடையாது. இன்னைக்கே ஒரு எக்செல் ஷீட் திறங்க, தேதி, என்ன வேலை, எத்தனை நிமிஷம், யார் சொன்னது, நாலு கட்டம் போதும். ரெண்டு வாரம் நிஜமா எழுதிட்டு அப்புறம் ப்ரொஃபசரை பாருங்க, வெறும் கையோட போய் 'சார் ரொம்ப வேலையா இருக்கு'ன்னு சொன்னீங்கன்னா 'எல்லாருக்கும் அப்படித்தான்பா'ன்னு ஒரே வரியில முடிஞ்சிடும்.

180 ஸ்கிரிப்ட்டை மட்டும் எடுத்துக்கோங்க. ஒண்ணுக்கு 8 நிமிஷம்னு வெச்சா 1,440 நிமிஷம், அதாவது 24 மணி நேரம். உங்க வாரத்துல டுட்டோரியல், அதுக்கான தயாரிப்பு, கன்சல்டேஷன் எல்லாம் போக ரெண்டு மணி நேரம் மிஞ்சினா பெருசு. அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள 24 மணி நேரத்தை அடைக்க முடியாதுன்னு எந்த அக்கவுன்டிங் ப்ரொஃபசருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா கணக்கா எழுதி காட்டுற வரைக்கும் அவர் யோசிச்சிருக்கவே மாட்டார். இதை நான் அவருக்கு வக்காலத்து வாங்க சொல்லல. அசிஸ்டென்ட் கிட்ட ஸ்கிரிப்ட் கட்டை குடுத்தா அடுத்த திங்கட்கிழமை மார்க் ஷீட்டா திரும்பி வருது, நடுவுல அந்த பையன் எத்தனை மணிக்கு தூங்கினான்னு பெரும்பாலான ப்ரொஃபசருங்களுக்கு தெரியவே தெரியாது.

ஈமெயில்ல கேளுங்க, நேர்ல பேசினாலும் அன்னைக்கே பேசினதை ஒரு ஈமெயிலா அனுப்பிடுங்க. முடியாதுங்கிற வார்த்தையே அதுல வேண்டாம். இந்த வாரம் என்கிட்ட 10 மணி நேரம் இருக்கு, இன்ன வேலைக்கு இவ்வளவு போகுது, டெஸ்ட் திருத்த 24 மணி நேரம் ஆகும், கூடுதல் மணி நேரத்துக்கு க்ளெய்ம் போடலாமா, இல்ல இன்னொரு மார்க்கரோட பங்கு போட்டுக்கட்டுமா, இல்ல எந்த வேலைய தள்ளி வைக்கட்டும், அப்படின்னு அவரையே முடிவு பண்ண வைங்க. க்ளெய்ம் போட சம்மதிச்சாலும் வாரம் 20 தாண்டாம பரப்பி வாங்கிக்கோங்க. மாதா பிதா குரு தெய்வம்னு கேட்டு வளர்ந்த நமக்கு குருகிட்ட கணக்கு பேசுறது தப்பு மாதிரி தோணும், எனக்கு அது நல்லாவே புரியும், ஆனா இங்க அதை யாரும் மரியாதைக் குறைவா எடுத்துக்கிறதில்ல, பேசாம இருந்துட்டு கடைசியில மார்க்கை லேட்டா குடுக்கிறதைத்தான் தப்பா எடுத்துக்குவாங்க. அவர்கிட்ட பேசியும் நடக்கலைன்னா மாடியூல் கோஆர்டினேட்டர், அதுக்கப்புறம் கான்ட்ராக்ட் போட்ட ஸ்கூல் ஆபீஸ். உங்க தீசிஸ் சூப்பர்வைசர் வேற ஆளா இருந்தா அவர் காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வைங்க.

எம்பிஏ அசைன்மென்ட் விஷயத்துல எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. எம்பிஏ இங்க தேசிய தகுதி வரிசையில 9ஆம் லெவல், நீங்க பண்ணிக்கிட்டிருக்கிற எம்.காமும் அதே 9தான், அதை நீங்க இன்னும் முடிக்கல. மாஸ்டர்ஸ் லெவல் வேலைக்கு மார்க் போடுறவர் குறைஞ்சது மாஸ்டர்ஸ் முடிச்சவரா இருக்கணும், காசு கட்டி படிக்கிற ஸ்டூடன்ட்டுக்கு அது நியாயமா கிடைக்க வேண்டிய உரிமை. ஃபர்ஸ்ட் இயர் ஸ்கிரிப்ட்டை நீங்க திருத்தலாம், தாராளமா திருத்துங்க. எம்பிஏ அசைன்மென்ட்ல வந்திருக்கா வரலையான்னு லிஸ்ட் போடலாம், காப்பி அடிச்சிருக்கான்னு காட்டுற டர்ன்இட்டின் ரிப்போர்ட் எடுத்து வைக்கலாம், வார்த்தை அளவு பாக்கலாம், மார்க் மட்டும் உங்க கை போடக் கூடாது. மார்க்கை எதிர்த்து ஒரு எம்பிஏ ஸ்டூடன்ட் கேள்வி எழுப்பினா, யார் திருத்தினதுன்னு ஃபைல் தேடுவாங்க, அப்போ உங்க பேர்தான் முன்னாடி நிக்கும். இந்த ஒண்ணுக்கு ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், 'என் தகுதிக்கு இதை திருத்தலாமான்னு சந்தேகமா இருக்கு, ஆபீஸ்ல கேட்டு சொல்லுங்க சார்'னு இந்த வாரமே எழுதுங்க, அவ்வளவு போதும், பெரும்பாலும் கேள்வி எழுத்துல வந்ததுமே அந்த வேலை தானா திரும்பி போயிடும்.

இப்போ டுட்டோரியல். பசங்க வாய் திறக்காததுக்கு உங்க இங்கிலீஷ்தான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, நான் அப்படி நினைக்கல. உங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல வீட்டுல சூலு பேசுறவங்க, அவங்களுக்கும் இங்கிலீஷ் ரெண்டாவது மொழி, உங்க முன்னாடி தப்பா பேசிட்டா என்ன பண்றதுன்னு அவங்களும் பயந்துக்கிட்டு இருக்காங்க. பல பேர் குடும்பத்துலேருந்து முதல் ஆளா காலேஜ் வந்தவங்க. என்எஸ்ஃபாஸ்ங்கிற அரசாங்க படிப்பு உதவிப் பணம் லேட்டானா புத்தகம் வாங்கியிருக்க மாட்டாங்க, மினிபஸ் டாக்ஸிக்கு காசு இல்லாம வராம இருப்பாங்க, டுட்டோரியல் நிறைய தவறினா டிபி, அதாவது பரீட்சை எழுதுற தகுதி, போயிடும், டிபி போனா பரீட்சை எழுத விட மாட்டாங்க. யாராவது வரிசையா வரலைன்னா லிஸ்ட்ல கோடு போடுறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பி என்னன்னு கேளுங்க. அந்த ஒரு மெசேஜுக்கு ஒரு வருஷத்தை காப்பாத்துற சக்தி உண்டு, நான் கண்ணால பாத்திருக்கேன்.

பேச வைக்க ஒரு வழி சொல்றேன். கேள்விய போர்டுல எழுதுங்க, மூணு நிமிஷம் யாரும் பேச வேண்டாம், நோட்டுல எழுதட்டும். அப்புறம் ரெண்டு நிமிஷம் பக்கத்துல இருக்கிறவங்களோட பேசட்டும், சூலுலயே பேசட்டும், இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொல்லாதீங்க. அதுக்கப்புறம் 'உன் பதில் என்ன'ன்னு கேக்காம 'நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவுக்கு வந்தீங்க'ன்னு கேளுங்க, தப்பானாலும் தனி ஆள் மாட்டிக்கல, அதனால கை தூக்குவாங்க. நீங்களும் பேர் சொல்லி கூப்பிடுங்க, சூலு பேருங்களை சரியா உச்சரிக்க கத்துக்கோங்க, தப்பா சொன்னா திருத்தச் சொல்லி கேளுங்க. குவாசூலு நேட்டால் யூனிவர்சிட்டியில 2014லேருந்து புதுசா சேர்ற பசங்களுக்கு சூலு பாடத்தையே கட்டாயம் ஆக்கினாங்க, அப்போ சாவுபோனா (வணக்கம்), ங்கியாபோங்கா (நன்றி)ன்னு ரெண்டு வார்த்தையாவது டீச்சர் வாய்ல வர்றதுல என்ன குறைச்சல்.

அடுத்து உங்க உதாரணங்களை மாத்துங்க. நம்ம ஊர் பி.காம் படிச்சவங்க செய்யிற ஒரு விஷயம், பேச்சு வாக்குல லட்சம் கோடின்னு வந்துடும், இங்க மில்லியன் தவிர யாருக்கும் ஒண்ணும் புரியாது, பன்னெண்டு லட்சம்னு நீங்க சொன்னா பையன் கால்குலேட்டரை பாத்து முழிப்பான். ஜிஎஸ்டி இல்ல, வாட், 2018 ஏப்ரல்லேருந்து 15 சதவீதம். தசமப் புள்ளி வைக்கிற இடத்துல கமா வைக்கிற பழக்கமும் இங்க உண்டு, ஸ்கிரிப்ட்ல அதை பாத்து தப்புன்னு அடிச்சிடாதீங்க.

பிரேக் ஈவன், அதாவது லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கிற விற்பனை அளவு, நடத்துறீங்கன்னு வைங்க. புத்தகத்துல வர்ற மாதிரி விட்ஜெட்னு ஒரு கற்பனை பொருளை வெச்சு ஆரம்பிக்காம ரோட்டி ரோல் கடைன்னு ஆரம்பிங்க, டர்பன்ல அதை சாப்பிடாத ஸ்டூடன்ட் கிடையாது. ஒரு ரோல் 60 ரேண்ட், மாவு, கறி, எண்ணெய், பேப்பர் எல்லாம் சேத்து ஒண்ணுக்கு 35, மாச வாடகையும் சம்பளமும் 15,000. ஒரு ரோலுக்கு 25 மிஞ்சுது, 15,000ஐ 25ஆல வகுத்தா 600 ரோல். இதுவரைக்கும் எல்லாரும் போட்டுடுவாங்க, ஃபார்முலா மனப்பாடம். இப்போ கறி விலை ஏறி ஒரு ரோலுக்கு 4 ரேண்ட் கூடிடுச்சுன்னு சொல்லிட்டு, கணக்கு போடுறதுக்கு முன்னாடியே எத்தனை வரும்னு குத்துமதிப்பா சொல்லச் சொல்லுங்க. முக்கால்வாசி பேர் 620, 630ன்னுதான் சொல்லுவாங்க. 21ஆல வகுத்தா 714.28, பாதி ரோலா விக்க முடியாது, அதனால 715. வெறும் 4 ரேண்டுக்கு மாசம் 115 ரோல் கூட விக்கணும்னு பாத்ததும் கிளாஸ்ல ஒரு சத்தம் வரும் பாருங்க. அந்த நேரத்துல விடாதீங்க, சமைக்கிறவர் சம்பளம் ஏன் அந்த 15,000ல இருக்கு, ரோலுக்கு இவ்வளவுன்னு கூலி குடுத்தா எந்தப் பக்கம் போகும்னு கேளுங்க, பேசாத பசங்க கூட பேசுவாங்க, ஏன்னா அவங்கள்ல ரெண்டு மூணு பேர் வார கடைசியில இந்த மாதிரி கடையிலதான் வேலை பாக்குறாங்க.

திருத்துற வேலையிலயும் ஒண்ணு ரெண்டு சொல்லிடுறேன். ஒரு ஸ்கிரிப்ட்டை முழுசா முடிச்சு அடுத்ததுக்கு போகாதீங்க, 180 பேருக்கும் முதல் கேள்வி, அப்புறம் 180 பேருக்கும் ரெண்டாவது கேள்வி, இப்படி போனா வேகமும் வரும், காலையில ஒரு மாதிரி ராத்திரி ஒரு மாதிரி மார்க் போடுறதும் குறையும். பேர் இருக்கிற அட்டைய மடிச்சு வெச்சிடுங்க. முதல் பத்து ஸ்கிரிப்ட்டை முடிச்சதும் ப்ரொஃபசர்கிட்ட காட்டி, மெமோவுல (மாதிரி விடைத்தாள்ல) இல்லாத பதிலுக்கு என்ன பண்றதுன்னு கேட்டு அதை மெமோவுலயே எழுதிக்கோங்க. முன்னாடி ஒரு எண்ணை தப்பா எடுத்துட்டு அதுக்கப்புறம் முறையா போட்டிருந்தா அந்த முறைக்கு மார்க் குடுக்கணும், ஒரே தப்புக்கு நாலு தடவை வெட்டுறது கொடுமை. 48, 49ல நிக்கிறதை நீங்களா 50 ஆக்காதீங்க, தனி லிஸ்ட் போட்டு மாடரேஷனுக்கு, அதாவது இன்னொருத்தர் மறுபடி சரிபாக்குறதுக்கு, அனுப்புங்க, அதுக்குத்தான் மாடரேட்டர். மார்க் லிஸ்ட்டை வாட்ஸாப் குரூப்ல போடுற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க, ஸ்டூடன்ட் நம்பர் மட்டும்தானே இருக்குன்னாலும் பொப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டப்படி அது அவங்க சொந்த தகவல்தான், 2021 ஜூலை 1லேருந்து அந்த சட்டம் முழுசா அமல்ல இருக்கு. நேரம் மிச்சமாகும்னு ஸ்கிரிப்ட்டை சாட்ஜிபிடில போட்டு மார்க் கேக்குறதும் இதே கதைதான், அந்த பையன் எழுதினதை வெளிய குடுக்க உங்களுக்கு அனுமதி கிடையாது, தவிர அவன் உங்க கண்ணை நம்பி எழுதியிருக்கான்.

ஆன்ட்டி விஷயத்துக்கு வர்றேன், இதுதான் உங்களை ராத்திரி தூங்க விடாம பண்றதுன்னு கடிதத்துலயே தெரியுது.

அவங்க மேல கோபப்படாதீங்க, லஞ்சம் குடுக்கிறாங்கன்னும் நினைக்காதீங்க. இங்க நம்ம ஜனங்க 1860லேருந்து கரும்புத் தோட்டத்துக்கு கூலியா வந்த வழி. அவங்க பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு யூனிவர்சிட்டி காலேஜ் திறந்ததே 1961லதான், அதுவும் டர்பன் துறைமுகத்துல சாலிஸ்பரி தீவுல, பழைய கடற்படை கட்டிடத்துல, பசங்க படகுல போய் படிச்சாங்க. இந்தியன்னு முத்திரை குத்தி ஒதுக்குன இடம் அது, ஆனா அந்த படகுல ஏறுறதுக்கே எத்தனையோ வீட்டுல நகை அடகு போச்சு. அந்த தலைமுறையோட பிள்ளைதான் உங்க ஆன்ட்டி. பையன் ஃபெயில் ஆயிடுவானோங்கிற பயம் அவங்க ரத்தத்துல இருக்கு. அந்த பயத்துக்கு நீங்க மரியாதை குடுக்கலாம், மார்க் குடுக்க முடியாது.

ரெண்டு காரியம் பண்ணுங்க. ஒண்ணு, ப்ரொஃபசருக்கு ஒரு வரி எழுதுங்க, இந்த ஸ்டூடன்ட் வீட்டுல நான் வாடகைக்கு இருக்கேன், அதனால அவன் ஸ்கிரிப்ட்டை வேற மார்க்கர் திருத்தட்டும், முடிஞ்சா வேற டுட்டோரியல் குரூப்புக்கும் மாத்துங்கன்னு. ஆன்ட்டி கேட்டதை அதுல எழுத வேண்டாம், வீட்டுல இருக்கேங்கிறதே போதுமான காரணம். நீங்க நூத்துக்கு நூறு நேர்மையா திருத்தி அவன் 52 வாங்கினாலும், ரெண்டு வீடு தள்ளி இருக்கிற இன்னொரு அம்மா 'வாடகைக்கு இருக்கிற பையன்தானே போட்டான்'னு சொல்லத்தான் செய்வாங்க, அந்த பையன் சொந்தமா வாங்கின 52ம் அவனுக்கு இல்லாம போயிடும். ரெண்டாவது, ஈமெயில் போட்ட அன்னைக்கே ஆன்ட்டிகிட்ட நேரா சொல்லிடுங்க: "ஆன்ட்டி, நான் உங்க வீட்டுல இருக்கிறதால அவன் பேப்பர் இனிமே எங்கிட்ட வராது, ரூல் அப்படி. ஆனா அவன் எங்க மாட்டிக்கிறான்னு தெரியணும்னா மத்த பசங்க மாதிரி கன்சல்டேஷன் டைம்ல அவனை வரச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் வேணா சொல்லித் தர்றேன்." சமையலறை வாசல்ல நின்னு மென்னு முழுங்காம, உக்காந்து சொல்லுங்க. அவங்களுக்கு முகம் கொஞ்சம் சுருங்கும், ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாடு வராமலும் போகலாம். பெரும்பாலும் அடுத்த வாரம் வந்துடும். ஒருவேளை வீட்டை காலி பண்ணுங்கிற அளவுக்கு போனா, அந்த வீட்டுல எப்படியும் உங்களால நிம்மதியா இருந்திருக்க முடியாது, வேற ரூம் பாத்துக்கலாம், செமஸ்டர் நடுவுலயும் ரூம் காலியாகிக்கிட்டேதான் இருக்கும். வீட்டுல வெச்சு தனியா ட்யூஷன் எடுக்கிறேன்னு மட்டும் ஒத்துக்காதீங்க, காசு வாங்கினாலும் வாங்காட்டியும்.

எம்பிஏ கிளாஸ்ல வயசு பத்தி கவலைப்படாதீங்க. அங்க இருக்கிற மேனேஜருங்க உங்ககிட்ட மேனேஜ்மென்ட் கத்துக்க வரல, கேஸ்ல இருக்கிற எண்ணுங்களும் தேதிங்களும் யாருக்கு நினைவுல இருக்குன்னு பாப்பாங்க, அது உங்ககிட்ட இருந்தா போதும், மரியாதை தானா வரும். உதாரணத்துக்கு இங்க எந்த கிளாஸ்லயும் டோங்காட் ஹுலெட் பேச்சு வரும், சர்க்கரை கம்பெனி, 2019ல கணக்குல குளறுபடி வெளிய வந்து ஜோகன்னஸ்பர்க் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல ஷேர் வர்த்தகம் நிறுத்தினாங்க, 2022 அக்டோபர்ல பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு, அதாவது தள்ளாடுற கம்பெனிய மீட்கப் பாக்குற சட்ட நடைமுறைக்கு, போச்சு. நம்ம ஊர்ல என்சிஎல்டின்னு (கம்பெனி சட்ட தீர்ப்பாயம்) படிச்ச ஞாபகத்துல பேசினா மாட்டிக்குவீங்க, இங்க பிசினஸ் ரெஸ்க்யூன்னா 2008 கம்பெனி சட்டத்தோட 6ஆம் அத்தியாயம், அதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, அந்த சமயத்துல நடப்புல இருந்த, 2016ல வந்த கிங் 4ங்கிற கம்பெனி நிர்வாக நெறிமுறை ரிப்போர்ட்டையும். இன்னொண்ணு, டர்பன் கிளாஸ்ல இந்த கேஸை எடுக்கும்போது குரலை கொஞ்சம் தணிச்சு பேசுங்க, அங்க வேலை பாத்தவங்களோ, அந்தப் பக்கத்து கரும்புத் தோட்டத்துல தாத்தா பாட்டி கரும்பு வெட்டினவங்களோ உங்க முன்னாடி உக்காந்திருக்கலாம், அவங்களுக்கு இது ஸ்லைடுல வர்ற கேஸ் இல்ல, சொந்த ஊர்க் கதை.

நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா வாடகைன்னு சொன்னதால சொல்றேன். வாரம் 22 மணி நேரத்துக்கு கீழ வேலை பாக்கிற பார்ட் டைம் ஆளுங்களுக்கு சம்பளத்துல 25 சதவீதம் வரி பிடிக்கிற வழக்கம் இங்க உண்டு, உங்க பே ஸ்லிப்பை எடுத்து பாருங்க. ஆனா ஒரு வரம்பு வரைக்கும் வருமானத்துக்கு வரியே கிடையாது, 65 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு 2023 மார்ச்லேருந்து 2026 பிப்ரவரி வரைக்கும் அது வருஷத்துக்கு 95,750 ரேண்டா இருந்துச்சு, அந்தந்த வருஷத்து வரம்பை பாத்துக்கோங்க. உங்க மொத்த வருமானம் அதுக்குள்ள இருந்தா, பிடிச்ச காசு மொத்தமும் உங்க காசு. சம்பள ஆபீஸ்ல ஐஆர்பி5ங்கிற வரி பிடிச்ச சர்டிஃபிகேட்டை வாங்கி, சார்ஸ்ங்கிற வரித்துறையோட ஈஃபைலிங்ல ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும். போன வருஷத்துக்கும் போடலைன்னா அதையும் சேத்து போடுங்க. வாடகைக்கு உதவும்.

தீசிஸ் பத்தி. வாரத்துல ரெண்டு காலை நேரத்தை எடுத்து காலண்டர்ல பூட்டிடுங்க, செவ்வாய் வியாழன்னு ஏதோ ரெண்டு, அன்னைக்கு மதியம் வரைக்கும் டீச்சிங் ஈமெயில் திறக்கக் கூடாது, கன்சல்டேஷன் நேரம் வேற நாள்ல இருக்குன்னு பசங்களுக்கு எழுதி ஒட்டிடுங்க. நாலு மாசம் தொடாத தீசிஸை ஒரே நாள்ல திறந்து உக்காந்தா பயம்தான் வரும், அதனால முதல் காலையில எழுத உக்காராதீங்க, சூப்பர்வைசருக்கு ஒரு பக்கம் அனுப்புங்க, எதுவரைக்கும் வந்திருக்கேன், அடுத்த மாசத்துக்குள்ள எது முடிப்பேன். எத்திக்ஸ் க்ளியரன்ஸ் (ஆராய்ச்சி நெறிமுறை கமிட்டியோட அனுமதி) இன்னும் வாங்கலைன்னா அதுதான் முதல் வேலை, கமிட்டி எப்போ கூடும்ங்கிறது உங்க கையில கிடையாது, அது வராம ஒரு இன்டர்வியூ கூட எடுக்க முடியாது. டெஸ்ட் வாரமும் பரீட்சை திருத்துற வாரமும் செமஸ்டர் ஆரம்பத்துலயே தெரியுது, அந்த வாரங்கள்ல எழுத முடியாதுன்னு ஒத்துக்கிட்டு மத்த வாரத்துல ஈடுகட்டுங்க, அதையும் அந்த ஒரு பக்கத்துலயே குறிச்சு அனுப்பிடுங்க.

இந்த வாரத்துக்கு மூணு ஈமெயில் ஆச்சு: எம்பிஏ மார்க்கிங் பத்தி, ஆன்ட்டி பையன் ஸ்கிரிப்ட் பத்தி, சூப்பர்வைசருக்கு அந்த ஒரு பக்கம். மணிக்கணக்கு ஈமெயில் ரெண்டு வாரம் ஷீட் எழுதினதுக்கு அப்புறம். ப்ரொஃபசர் பதில் என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்க தம்பி, அவர் சம்மதிக்கலைன்னா ஸ்கூல் ஆபீஸ்க்கு போறதுக்கு முன்னாடி அந்த லெட்டரை நான் ஒரு தடவை பாத்து குடுக்கிறேன்.